மழலையர்க்கு அரசு வழங்கும் உணவு: பயன் பெறுவோர் யார்?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்

திருச்சிராப்பள்ளிக்குப் பல பெருமைகள் உண்டு. நகரின் நடுவே மலைக்கோட்டை நிற்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கம் இருக்கிறது. இவற்றைப் பற்றிப் பேசாத மேடையும் இல்லை, எழுதாத ஆண்டு மலரும் இல்லை. அவ்வளவாகப் பேசப்படாத பெருமை ஒன்றும் நம் மாவட்டத்துக்கு உண்டு. 1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். கிராமப்புறக் குழந்தைகள் நல மையங்களுக்கு வரும் 2 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் அன்று முதல் நண்பகலில் சுடுசோறு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகர்ப்புறங்களுக்கும் திட்டம் விரிந்தது.

அதன் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. "இத்தகைய திட்டங்களால் பயன் பெறுவோர் யார்?" என்று யாரைக் கேட்டாலும், "ஏழைக் குழந்தைகள்" என்று உடனே விடை வரும். விடை தவறன்று. ஆனால் அது முழு விடையும் அன்று. எந்த வயதுக் குழந்தை, எந்த வழியில், எவ்வளவு பயன் பெறுகிறது என்று பிரித்துப் பார்த்தால் வருந்தத்தக்க உண்மை ஒன்று தெரிய வருகிறது. உணவால் மிகுதியான பயனை அடையக்கூடிய குழந்தைக்கே நம் திட்டங்கள் குறைவாகப் போய்ச் சேருகின்றன. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறை கூறும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அங்கன்வாடிச் சோற்றையும் பள்ளிச் சத்துணவையும் உண்டு வளர்ந்தவள். நம் வகுப்புகளில் என்னைப் போன்றோர் பலர் உண்டு. சோற்றின் அருமை அறிந்தவர்க்கு, அது கிடைக்காமல் போகிறவரைப் பற்றிப் பேசும் கடமையும் உண்டு என்று கருதியே எழுதுகிறேன்.

வந்த வழி

பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு தருவது தமிழகத்துக்குப் புதியதன்று. சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதற்குப் பெருந்துணையாக நின்றார். 1961 முதல் 'கேர்' என்னும் தொண்டு நிறுவனம் பால்பவுடர், எண்ணெய் முதலியவற்றைத் தந்து உதவியது.

இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பள்ளி வயதை எட்டாத மழலையரைக் கருத்தில் கொண்டு, 1975 அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு ஒரு பெருந்திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் என்பது அதன் பெயர். அங்கன்வாடி என்ற சொல் நம் ஊர்களுக்கு வந்தது அதன் வழியேதான். இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், நலக்கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு பணிகளை அத்திட்டம் ஏற்றுக்கொண்டது.

பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய திட்டம் இவற்றுக்குப் பின் வந்தது. ஆனால் வேகமாக வளர்ந்தது. 1984இல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்க்கு விரிவாக்கப்பட்டது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாகப் பெருகி, 2010இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாதவர்க்கு வாழைப்பழம் தரப்பட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அது 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விரிவாக்கங்கள் பெரும்பாலும் தட்டேந்தி வரிசையில் நிற்கக்கூடிய வயதினருக்கே வந்தன. 9 வயது 15 ஆயிற்று. சோற்றோடு முட்டை வந்தது. மதியத்தோடு காலையும் சேர்ந்தது. யாவும் நல்லவையே. ஆனால் 2 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை அந்த வரிசையில் இல்லை.

சட்டம் யாரைச் சொல்கிறது?

தொடக்கத்தில் இவை அரசின் கருணையால் நடந்த திட்டங்கள். பின்னர் இவை குழந்தைகளின் உரிமையாயின. 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உணவுரிமை வழக்கில், 6 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடியின் வழியே உணவு தரப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி இருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் தீர்ப்பில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால் மக்களே கேட்டுப் பெறலாம் என்றும் கூறியது.

இவற்றையெல்லாம் தொகுத்து 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதன் வயதுக்கேற்ற உணவு, அங்கன்வாடி வழியே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அது வகுத்தது. கருவுற்ற தாய்க்கும், குழந்தை பிறந்து 6 மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும் உணவு தரவேண்டும் என்றது. 6 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குத் தாய்ப்பாலே உணவாதலால், தாய்க்குத் தருவதே சிசுவுக்குத் தருவதாகும். இயற்றப்பட்டபோது, சாதாரணக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும், ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 800 கிலோ கலோரியும் தரப்பட வேண்டும் என்று அளவும் குறித்தது.

தமிழகத்தில் இதை நிறைவேற்றும் பொறுப்பு 54,439 அங்கன்வாடி மையங்களுக்கு உரியது. 2 வயது நிறைந்த குழந்தை மையத்துக்கு வந்து மதிய உணவு உண்கிறது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெரிய குழந்தை மையத்தில் உண்கிறது. சின்னக் குழந்தையின் பங்கு வீட்டுக்குப் போகிறது.

ஏழைக்கு மட்டுமா?

"வசதியுள்ளவர் பிள்ளைக்கும் ஏன் இலவச உணவு? ஏழைகளைக் கணக்கெடுத்து அவர்களுக்கு மட்டும் தரலாமே" என்று கேட்போர் உண்டு. நியாயம் போலத் தோன்றும் கேள்விதான் இது. அமெரிக்க நாட்டில் கருவுற்ற தாய்மாருக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் உணவு வழங்கும் 'விக்' என்னும் திட்டம் 1972இல் தொடங்கியது. அதில் குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்நாட்டு அரசு குறித்த வறுமை அளவில் 185 விழுக்காடு வரை அந்த வரம்பு போகிறது. அதாவது, வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவரும் அங்கே தகுதி பெறுவர். வருமானம் பார்க்கும் நாடே ஊட்டக்குறைவும் வறுமையும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது எனலாம்.

நம் மாநிலத்துப் புள்ளிவிவரம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். நிதி ஆயோக் கணக்குப்படி, 2019–21 காலத்தில் தமிழகத்தில் பன்முக வறுமையில் இருந்தோர் நூற்றுக்கு 2.20 பேர். அதே காலத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு 25 பேர். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் இரத்தசோகை உள்ளோர் நூற்றுக்கு 57.4 பேர். வறுமைப் பட்டியலை வைத்துக்கொண்டு சோறு போட்டால், இரத்தசோகை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பர்.

திருவரங்கத்தார்க்கு இதை எளிதாக விளக்கலாம். அரங்கன் கோயிலில் 2012 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் தொடங்கியது. வந்து அமர்பவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. கேட்டால் உண்மையாகப் பசித்தவரும் கூசி ஒதுங்கிவிடுவார். அங்கன்வாடியின் அறமும் இதுவே. ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. பந்திக்கு வருவோர்க்கெல்லாம் சோறு என்பது, வரக்கூடியவர்க்கே சோறு என்று முடிந்துவிடலாகாது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. நெடுநாள் ஊட்டமில்லாமல் மெலிந்த குழந்தை அழவும் தெம்பின்றிச் சோர்ந்து கிடக்கும் என்பதை மருத்துவம் படித்தோர் அறிவர். அந்தப் பிள்ளை எப்படிப் பால் குடிக்கும்?

தட்டுக்கு வெளியே பயன் பெறுவோர்

அந்தக் கேள்விக்குப் போகுமுன், தட்டில் உண்ணும் குழந்தையைத் தவிர வேறு யாரெல்லாம் பயன் பெறுகிறார்கள் என்பதையும் பார்ப்போம்.

முதலாவது, அந்தக் குழந்தையின் அக்காள். தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகாமல் நின்ற சிறுமியர் நம் ஊர்களில் ஏராளம். தம்பி அங்கன்வாடிக்குப் போனால் அக்காள் பள்ளிக்குப் போகலாம். இரண்டாவது, தாய். காந்தி மார்க்கெட்டில் காய்கறி விற்பவளும், திருவரங்கத்து வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவளும், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவளும் பகலில் சில மணி நேரமாவது கவலையின்றி உழைக்க முடிகிறது. மூன்றாவது, மையத்தில் பணிபுரியும் பெண்கள். சத்துணவுப் பணியிடங்களில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அதனால் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரல் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்காவது, உழவரும் கோழிப்பண்ணையாளரும். நம் பக்கத்து மாவட்டமான நாமக்கல்லின் பண்ணைகளுக்கு, பள்ளி நாள்தோறும் முட்டை வாங்கும் அரசு ஒரு நிலையான வாடிக்கையாளர்.

ஐந்தாவது பயனாளி இன்னும் பிறக்காத குழந்தை. 1993 முதல் 2016 வரையுள்ள இந்தியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளியாயிற்று. பள்ளி வயதில் மதிய உணவு உண்ட பெண்களின் குழந்தைகள், உண்ணாத பெண்களின் குழந்தைகளைக் காட்டிலும் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தனர் என்பது அதன் முடிவு. உண்ட சிறுமி பிற்காலத்தில் தாயாகும்போது, அந்தச் சோறு அவள் பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது. சோறு போடும் செலவை 'வீண் செலவு' என்று பேசுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஆயிரம் நாள் கணக்கு

இனி விலங்கியல் மாணவி என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். கருவில் இருக்கும் 270 நாள்களையும், பிறந்த பின் வரும் முதல் இரண்டு ஆண்டுகளின் 730 நாள்களையும் கூட்டினால் 1000 நாள் வரும். மனித உடல் மிக வேகமாக வளரும் காலம் இதுவே. பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு. இரண்டு வயதுக்குள் அது நான்கில் மூன்று பங்கை எட்டிவிடுகிறது. உயரம் குன்றிப் போவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் நேர்கிறது. இதற்குப் பின் தரும் உணவும் பசியைப் போக்கும், எடையைக் கூட்டும், படிப்பில் மனம் பதியச் செய்யும். ஆயினும் இழந்த உயரத்தை முழுவதும் மீட்டுத் தருவது அரிது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 30 கிராம் என்பது அதன் கொள்ளளவு. 8 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளையில் 240 கிராமுக்கு மேல் உண்ண முடியாது. அதாவது ஒரு பெரிய டம்ளர் அளவு. ஆனால் அதன் தேவையோ பெரிது. தாய்ப்பால் தவிர, 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 200 கிலோ கலோரியும், 9 முதல் 11 மாதக் குழந்தைக்கு 300 கிலோ கலோரியும், ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 550 கிலோ கலோரியும் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. சிறிய இரைப்பையில் இவ்வளவும் சேரவேண்டுமானால், நாளுக்கு மூன்று நான்கு முறை கெட்டியான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். கஞ்சித் தண்ணீர் ஊட்டினால் வயிறு நிறையும், உடல் நிறையாது. ஒரு குழந்தைக்கு நாளுக்கு நான்கு முறை ஊட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தாய் கூலிக்குப் போய்விட்டால் அந்த ஒருவர் யார் என்பதே கேள்வி.

இந்த ஆயிரம் நாளில் தரும் உணவின் பயனை இரண்டு நாடுகளில் நெடுங்காலம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு சிற்றூர்களைத் தேர்ந்தனர். இரண்டு ஊர்களில் புரதமும் ஆற்றலும் மிகுந்த கஞ்சியைத் தந்தனர். மற்ற இரண்டில் புரதமில்லாத, ஆற்றல் குறைந்த இனிப்புப் பானத்தைத் தந்தனர். அக்குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பின் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் ஒரு மணி நேரக் கூலி சராசரியாக 46 விழுக்காடு அதிகமாயிருந்தது. 3 வயதுக்குப் பின் கஞ்சி உண்டவர்களிடம் அந்த உயர்வைக் காணவில்லை. நம் நாட்டில், ஐதராபாத்துக்கு அருகே 1987 முதல் 1990 வரை சில சிற்றூர்களில் கருவுற்ற தாய்மாருக்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இணை உணவு தந்தனர். வேறு சில ஊர்களில் அத்திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. உணவு கிடைத்த ஊர்களில் பிறந்த பிள்ளைகள் பருவ வயதில் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரமாயிருந்ததாக 2008இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லையே என்று எண்ணலாகாது. உடலின் உள்ளே நேர்ந்த வளர்ச்சிக்கு உயரம் ஒரு வெளி அடையாளமே.

பொட்டலம் வீட்டுக்குப் போன பின்

ஆயிரம் நாள் குழந்தைக்கு நாம் தருவது சத்துமாவு. வறுத்து அரைத்த தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த நல்ல உணவு அது. குறை மாவில் இல்லை. அது போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அங்கே ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. அதற்கு 5 வயதில் ஓர் அண்ணன், 8 வயதில் ஓர் அக்காள். குழந்தையின் பெயரில் ஒரு மாதத்துக்குரிய மாவு வருகிறது. மாலையில் தாய் அதைக் கிளறி உருண்டை பிடிக்கிறாள். மூன்று பிள்ளைகள் கை நீட்டும்போது ஒன்றுக்கு மட்டும் கொடுத்து மற்ற இரண்டைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. மூன்றும் சமமாக உண்டால் குழந்தைக்குச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு. பெரிய பிள்ளைகள் வேகமாக உண்பார்களாதலால் உண்மையில் அதற்கும் குறைவே. மாவு பத்து நாளில் தீரும். பதிவேட்டில் அந்தக் குழந்தை முப்பது நாளும் பயன் பெற்ற பயனாளி. இங்கே யாரும் திருடவில்லை; யாரும் ஏமாற்றவில்லை. ஒரு தாயின் இயல்பான நியாயமே குழந்தையின் பங்கைக் குறைத்துவிடுகிறது.

தாயின் கதையும் இதுவே. கருவுற்றவளுக்கு நாளொன்றுக்கு 350 கிலோ கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் 600 கிலோ கலோரியும் கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆனால் நம் வீடுகளில் எல்லாரும் உண்ட பின் மிஞ்சியதை உண்பவள் தாய். அவள் பெயரில் வந்த மாவை அவளே உண்பாள் என்று எதிர்பார்ப்பது, நம் வீட்டை நாமே அறியாதவர் போலப் பேசுவதாகும்.

நாடு முழுவதும் 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதிய அளவும் போதிய வகையும் உள்ள உணவு பெறுவோர் நூற்றுக்குச் சுமார் 11 பேரே என்று 2019–21 குடும்ப நல ஆய்வு தெரிவித்தது. வேலை தேடி ஊர் விட்டு ஊர் வந்து கட்டடத்திலும் செங்கற்சூளையிலும் தங்கும் குடும்பங்களின் குழந்தைகள் எளிதில் விடுபட்டுப் போகக்கூடியவர்கள். அங்கன்வாடிப் பணியாளர் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார். நிலையான வீடே இல்லாதவர் அந்தக் கணக்கில் இடம் பெறுவது அரிது.

முன்பே கண்ட வழிகள்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தமிழகமே முன்பு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. சத்துணவுத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1980இல், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அதன் குறி 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள். மாதந்தோறும் ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார்கள். கோடு மேலே ஏறாமல் தங்கிய குழந்தையை மட்டும் பிரித்து, 90 நாள் உணவு கொடுத்தார்கள். கூடவே தாய்க்கு ஊட்டும் முறையைக் கற்பித்தார்கள். எடை ஏறியதும் உணவை நிறுத்தினார்கள். வருமானத்தையோ சாதியையோ பார்க்கவில்லை. தராசின் முள்ளே பயனாளியைத் தேர்ந்தெடுத்தது. அத்திட்டம் நடந்த பகுதிகளில் கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. 1997இல் இரண்டாம் கட்டம் முடிந்த பின் அது பொதுவான அங்கன்வாடிப் பணியில் கலந்துவிட்டது.

தெலங்கானாவில் 2015 ஜனவரி 1ஆம் நாள் தொடங்கிய ஆரோக்கிய லட்சுமி திட்டம் மற்றொரு வழி. கருவுற்ற தாயும் பாலூட்டும் தாயும் அங்கன்வாடிக்கே வந்து, முட்டையும் பாலும் சேர்ந்த முழுச் சாப்பாட்டை அங்கேயே உண்கிறார்கள். அவள் பங்கு பிறர் தட்டுக்குப் போக வழியில்லை.

தமிழக அரசும் இக்குறையை உணராமலில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டத்தில், 2018 முதல் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, தரப்பட்டது. 2022 மே மாதம் உதகையில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15ஆம் நாள் நம் அண்டை மாவட்டமான அரியலூரின் வாரணவாசியில் தொடங்கி வைக்கப்பட்டது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து, ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவாயின் அதன் தாய்க்கும், ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவது அதன் முறை. மெலிந்து போன குழந்தைக்கு இது மருந்து. மெலியாமல் காக்கும் வழியும் உடன் வேண்டும் என்பதே என் கருத்து. கூலிக்குப் போகும் தாய்மார் மிகுந்த பகுதிகளில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் பகலில் ஏற்று, நான்கு வேளை ஊட்டக்கூடிய குழந்தைகள் காப்பகம் அங்கன்வாடியோடு இணைய வேண்டும். அதற்கு ஊட்டும் கைகள் வேண்டும். ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் மட்டும் இருந்து செய்யக்கூடிய வேலையன்று அது.

முடிவுரை

மலைக்கோட்டைத் தாயுமானவரின் தலவரலாறு நம் எல்லாருக்கும் தெரியும். நிறைமாதக் கருவுற்ற மகளுக்குப் பேறு பார்க்க வந்த தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இறைவனே தாயின் உருவில் மகளின் வீட்டுக்குச் சென்று பேறு பார்த்தார் என்பது கதை. மலை மேல் இருந்துகொண்டு, வருகிறவர்க்கு அருள்வேன் என்று அவர் சொல்லவில்லை. வர முடியாதவளைத் தேடிப் போனார். 2025 ஆகஸ்டில், 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு தாயுமானவர் என்ற பெயரிலேயே தொடங்கியது. கடைக்கு நடக்க இயலாத முதியவர்க்குப் பொருந்திய நியாயம், நடக்கவே தொடங்காத குழந்தைக்கும் பொருந்த வேண்டுமல்லவா?

மாணவர்களாகிய நம்மால் ஆவதும் சில உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் தெருவைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். அத்துடன், முகாம் நடக்கும் ஊரின் அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டு அவருக்குத் துணையாக நிற்கலாம். பட்டியலில் விடுபட்ட, ஊருக்குப் புதிதாக வந்த குடும்பங்களை அவருக்குக் காட்டித் தரலாம். எடை போடும் நாளில் தாய்மாரை அழைத்து வரலாம். சத்துமாவு சின்னக் குழந்தைக்குரிய பங்கு என்பதையும், அதை நீர்க்காமல் கெட்டியாகப் பலமுறை ஊட்ட வேண்டும் என்பதையும் நம் அக்காள், அண்ணி, பக்கத்து வீட்டுப் பெண் ஆகியோரிடம் பேசலாம். படித்த பிள்ளை சொன்னால் கேட்கும் வீடுகள் நம் வீடுகள்.

பாப்பாக்குறிச்சியில் 1982இல் ஏற்றிய அடுப்பு பல தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. நம்மில் பலரைக் கல்லூரி வரை கொண்டு வந்து சேர்த்தது. இனி அந்த அடுப்பின் பயன், மையத்து வாசலுக்கு நடந்து வர இயலாத குழந்தைக்கும் அதைச் சுமக்கும் தாய்க்கும் முழுமையாகப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் பயன் பெறுவோர் யார் என்ற கேள்விக்கு, எல்லாக் குழந்தைகளும் என்று நாம் தயங்காமல் விடை சொல்ல முடியும்.